நாற்பத்தேழரை அடி ஆழமா? – வீராணம் கரையில் ஒரு களப்பாடம்

வீராணம் ஏரிக்கு மாணவர்களை இரண்டு முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் பயணம் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த முறை ஒரே நாளில் சிதம்பரம் கோயில், பிச்சாவரம், வீராணம் என மூன்று இடங்கள். லால்பேட்டையில் பேருந்தை நிறுத்தியபோது மாலை ஐந்து மணி. இருபது நிமிடம்தான் இருந்தோம். ஆசிரியர்களின் கைப்பேசிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. எல்லாரும் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சூரியன் எதிரில் இருந்ததால் முகங்களும் கறுத்துப் போயின. மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். நோட்டுக்கு நோட்டு ஒரே வரி: “வீராணம் ஏரி கடல் போலக் காட்சியளித்தது. மனம் மகிழ்ச்சி அடைந்தது.” கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ‘கடல் போல இருக்கு பாருங்க’ என்று கரையில் இறங்கியதும் சொன்னவள் நான்தான்.

இரண்டாவது பயணம் வேறு மாதிரி அமைந்தது. அதில் நான் ஒரு தவறு செய்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் திருத்தினாள். அங்கிருந்து தொடங்கிய பாடம் சமூக அறிவியலைத் தாண்டிக் கணக்கு, அறிவியல், தமிழ் எனப் பரவி ஏப்ரல் வரை நீண்டது. அந்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏரியைப் பற்றிச் சில வார்த்தைகள்

சிதம்பரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் காட்டுமன்னார்கோயில். அதை ஒட்டி லால்பேட்டையிலிருந்து வடக்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் வரை நீண்டு கிடக்கிறது வீராணம். நீளம் சுமார் 16 கி.மீ. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்தது என்பது வரலாறு. பராந்தகனின் பட்டப்பெயர்களில் ஒன்று வீரநாராயணன். வீரநாராயண ஏரி என்ற பெயர்தான் மக்கள் வாயில் வீராணம் ஆயிற்று. இராசாதித்தன் பொ.ஆ. 949இல் தக்கோலப் போரில் மடிந்தான். அவன் பெயரை மறந்த ஊர்களிலும் அவன் ஏரியின் தண்ணீர் பாய்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் இந்தக் கரையில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான்.

ஏரிக்கு மழை மட்டுமே ஆதாரம் அன்று. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடம் வழியாக அணைக்கரையில் உள்ள கீழணைக்கு வருகிறது. அங்கிருந்து வடவாறு அதை வீராணத்துக்குக் கொண்டுவருகிறது. பருவமழைக் காலத்தில் அரியலூர்ப் பக்கத்து மழைநீர் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக வந்து சேரும். ஏரியின் மதகுகள் மூலம் பாசனம் பெறும் நிலம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது.

இவ்வளவும் வகுப்பறையிலேயே சொல்லிவிடலாம். அப்படியானால் கரைக்கு எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டுதான் இரண்டாவது பயணத்தைத் திட்டமிட்டேன்.

மூன்று மணி நேரம், ஒன்றரை கிலோமீட்டர், மூன்று படங்கள்

ஒரே இடம், காலை நேரம் என்று முடிவு செய்தோம். வாகனச் சாலை ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. காலையில் சூரியன் நம் முதுகுப்பக்கம் இருப்பதால் தண்ணீரும் பறவைகளும் நல்ல வெளிச்சத்தில் தெரியும். மாலையில் போனால் எல்லாம் நிழலுருவம்தான். முதல் பயணத்தின் கறுத்த முகங்கள் கற்றுத்தந்த பாடம் இது. ‘ஒளி எங்கிருந்து வருகிறது?’ என்ற அறிவியல் கேள்விக்கு இதைவிட நல்ல செய்முறை தேவையில்லை.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் 31 பேர். கணக்கு ஆசிரியர், தமிழாசிரியர், நான். கூடவே பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய். பொங்கல் விடுமுறை முடிந்த ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரையில் இறங்கினோம்.

முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது என்பது விதி. கரைச் சரிவுக்கு மேலே உட்கார்ந்து பார்த்தோம். முதல் இரண்டு நிமிடம் சிரிப்பை அடக்கும் சத்தம்தான். பிறகு அடங்கியது. பத்து நிமிடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் பார்த்ததில் ஒன்றும் கேட்டதில் ஒன்றும் எழுதினார்கள். நத்தை குத்தி நாரைகள் தண்ணீருக்குள் நடந்துகொண்டே இரை தேடுவதைப் பலர் எழுதியிருந்தார்கள். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதை ஒருவன் ‘துணி உலர்த்துவது போல’ என்று எழுதினான். நாற்பது நோட்டுகளில் ஒரே வரியைப் படித்த எனக்கு, 31 வெவ்வேறு வரிகளைப் படித்தது பெரிய மாற்றமாக இருந்தது.

அடுத்து நடை. கரையோரமாக ஒன்றரை கிலோமீட்டர். ஆறு குழுக்கள். குழுவுக்கு மூன்றே மூன்று படங்கள். எங்கள் கைப்பேசிகளை முறைவைத்துக் கொடுத்தோம்.

முதலாவது அகலப் படம்: ஏரி முழுவதும் தெரியும்படி, நிலையான ஓர் அடையாளத்தின் அருகே நின்று எடுப்பது. இரண்டாவது அளவுப் படம்: எதன் அளவையாவது காட்டும் படம். மதகு எவ்வளவு உயரம் என்று காட்ட வேண்டுமானால் பக்கத்தில் ஒரு மாணவன் நிற்க வேண்டும். காலடித் தடத்தைக் காட்ட வேண்டுமானால் அருகே ஸ்கேல் வைக்க வேண்டும். மூன்றாவது அருகுப் படம்: ஓர் இலை, சிப்பி, மதகின் கல் என ஏதாவது ஒன்று.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், அந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை என்று குழு எழுதிக் காட்ட வேண்டும். கேள்வி இல்லாவிட்டால் கைப்பேசி கிடையாது. மூன்று படம்தான் என்றதும் முகம் சுருங்கியவர்கள், பிறகு எதை எடுப்பது என்று அரைமணி நேரம் தங்களுக்குள் வாதாடினார்கள். அந்த வாதம்தான் எனக்கு வேண்டியதாக இருந்தது.

நான் செய்த தவறு

மதகு ஒன்றின் அருகே அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் இருந்தது. ஒரு குழு அதைத் தன் அளவுப் படத்துக்குத் தேர்ந்தெடுத்தது. தண்ணீர் 46ஐ ஒட்டி நின்றது. ‘இது என்ன டீச்சர்?’ என்றார்கள். செய்தித்தாளில் பல முறை படித்த எண் நினைவில் இருந்தது. “ஏரி நிரம்பினால் நாற்பத்தேழரை அடி. இன்றைக்கு 46 அடி ஆழம் தண்ணீர் இருக்கிறது” என்றேன்.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள், ஒருத்தியைத் தவிர. வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை அவள். அவளுடைய அப்பா இந்த ஏரியில் மீன் பிடிப்பவர்.

“அவ்ளோ ஆழம் கிடையாது டீச்சர். எங்கப்பா நடு ஏரியில நின்னுதான் வலை போடுவாங்க. தண்ணி நெஞ்சு மட்டும்தான் இருக்கும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், என்னைப் பார்த்து அல்ல. அரசு அளவுகோலும் டீச்சரும் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ‘அது கரையோரமாக இருக்கும்மா’ என்று சொல்லி நான் கடந்து போயிருக்கலாம். உண்மையைச் சொன்னால், அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

“நீ சொல்வதும் அளவுகோல் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று எனக்கும் தெரியவில்லை. கண்டுபிடிப்போம்” என்றேன். சிரிப்பு நின்றது.

மதகருகே பணியில் இருந்த நீர்வளத் துறை ஊழியரிடம் கேட்டோம். அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: “அது ஆழம் இல்லீங்க டீச்சர். கடல் மட்டத்துலேருந்து கணக்கு.”

அதாவது, ஏரி நிரம்பும்போது அதன் நீர்ப்பரப்பு கடல் மட்டத்திலிருந்து நாற்பத்தேழரை அடி உயரத்தில் இருக்கிறது. ஏரியின் தரையே கடல் மட்டத்துக்கு மேலே பல அடி உயரத்தில்தான் இருக்கிறது. ‘கடல் மட்டத்திலிருந்து உயரம்’ என்பதை மலைகளுக்கும் ஊர்களுக்கும் எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு ஏரியின் தண்ணீருக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குழப்பத்துக்கு ஒரு காரணமும் உண்டு. நாம் அடிக்கடி கேட்கும் மேட்டூர் அணையின் 120 அடி என்பது அணையின் அடித்தளத்திலிருந்து எண்ணும் கணக்கு. அதே அணையின் முழு நீர்மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொன்னால் 790 அடி. இரண்டு நீர்நிலைகள், இரண்டு தொடக்கப் புள்ளிகள். செய்தியில் இரண்டும் வெறும் ‘அடி’ என்றே வருகின்றன.

எல்லாரும் நோட்டில் ‘ஆழம்’ என்று எழுதியதை அடித்து ‘நீர்மட்டம்’ என்று திருத்தினார்கள். நானும் என் குறிப்பேட்டில் திருத்தினேன்.

கணக்கு வகுப்பில் ஏரி

அப்படியானால் உண்மையான ஆழம் எவ்வளவு? திங்கள்கிழமை கணக்கு ஆசிரியர் இதைக் கையில் எடுத்தார்.

ஏரியின் வரைபடத்தை ஹைடெக் ஆய்வகத்தில் அளவுகோலுடன் அச்சிட்டோம். அதன் மேல் கட்டத்தாளை வைத்து முழுக் கட்டங்களையும் பாதிக்கு மேல் நிரம்பிய கட்டங்களையும் எண்ணிப் பரப்பளவைக் கணித்தார்கள். ஒழுங்கற்ற வடிவங்களின் பரப்பு காணும் முறை பாடநூலில் உள்ளதுதான். குழுக்களின் விடைகள் 25 முதல் 35 சதுர கி.மீ. வரை வந்தன. வேறுபாடு ஏன் என்று விவாதித்தோம். ஏரியின் எல்லை எது, சேறும் கோரையும் உள்ள பகுதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு முடிவு எடுத்திருந்தது. நடுவாக 30 சதுர கி.மீ. என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு சதுர கி.மீ. என்பது ஏறத்தாழ 1.076 கோடி சதுர அடி. ஆகவே ஏரிப் பரப்பு சுமார் 32.28 கோடி சதுர அடி. ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது 146.5 கோடி கன அடி. கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் வரும். விடை: சுமார் நாலரை அடி!

வகுப்பு முழுவதும் அந்த மாணவியைத் திரும்பிப் பார்த்தது. ‘நெஞ்சு மட்டும்’ என்று அவள் சொன்னது கணக்கில் வந்து நின்றது.

எதிர்த்திசையிலும் சரிபார்த்தோம். ஆழம் உண்மையில் நாற்பத்தேழரை அடியாக இருந்தால் கொள்ளளவு எவ்வளவு ஆகும்? பெருக்கினால் 1,533 கோடி கன அடிக்கு மேல், அதாவது 15 டி.எம்.சி.க்கு மேல். இருப்பதோ ஒன்றரை டி.எம்.சி.கூட இல்லை. நான் சொன்ன தவறு பத்து மடங்குத் தவறு என்பதைப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு எனக்கு எடுத்துக்காட்டினார்கள்.

இது மதிப்பீடுதான், துல்லியமான அளவீடு அன்று என்பதையும் சொல்லிக்கொடுத்தோம். எல்லா இடத்திலும் ஒரே ஆழம் இருக்காது. மதகுப் பக்கமும் பள்ளங்களிலும் ஆழம் கூடுதலாக இருக்கும்.

இந்த ஒரு விடை பல கதவுகளைத் திறந்தது. நாரைகள் ஏன் இந்த ஏரியை நாடி வருகின்றன? நடந்து இரை தேடும் பறவைகளுக்குக் கால் எட்டும் தண்ணீர் வேண்டும். கோடையில் நீர் ஏன் விரைவாகக் குறைகிறது? பரந்து ஆழம் குறைந்த நீர்நிலையில், இருக்கும் நீரில் பெரிய பங்கை வெயில் குடித்துவிடும்.

வண்டல் பற்றிய கணக்குதான் பிள்ளைகளை அசைத்தது. 30 சதுர கி.மீ. பரப்பில் ஓர் அங்குலம் வண்டல் படிந்தால் ஏரி இழக்கும் கொள்ளளவு சுமார் 27 மில்லியன் கன அடி. சென்னைக் குடிநீர்த் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று மாற்றினால் அது சுமார் 6.4 மில்லியன் கன அடி. ஓர் அங்குல வண்டல் என்பது, சுமார் 230 கி.மீ. குழாயில் பயணம் செய்து போகும் சென்னையின் நான்கு நாள் தண்ணீருக்குச் சமம்! “தூர் வாரணும்னு எங்க தாத்தா சொல்லிட்டே இருப்பாரு டீச்சர்” என்றான் கடைமடைப் பகுதியிலிருந்து வரும் ஒரு மாணவன். தாத்தா சொன்னதற்குப் பக்கத்தில் இப்போது ஒரு எண் இருந்தது.

அதே இடம், ஏப்ரல் மாதம்

அகலப் படத்தை நிலையான அடையாளத்தின் அருகே எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதே இடம், அதே திசை, அதே நேரம் எனப் பருவத்துக்கு ஒரு படம் எடுத்தால், தனித்தனியாகப் பேசாத படங்கள் சேர்ந்து பேசும். நிலத்தின் மாற்றத்தைக் கண்காணிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய முறை இது.

ஏப்ரலில் மொத்த வகுப்பையும் கூட்டிச் செல்ல முடியவில்லை. அந்த மாணவியின் அப்பாவிடம் கேட்டேன். அவரே காலை ஏழரை மணிக்கு அந்த மதகுக் கட்டையருகே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினார். இரண்டு படங்களையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினோம். ஜனவரியில் தண்ணீர் தளும்பிய இடத்தில் ஏப்ரலில் மாடுகள் மேய்ந்தன. தண்ணீர் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. சில அடிகள் குறைந்ததற்கே இவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்றால் ஏரி எவ்வளவு தட்டையானது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று எழுதிய கட்டுரைகளில் ‘கடல் போல’ என்ற சொல் ஒன்றில் மட்டும் இருந்தது. “கடல் போலத் தெரியும். ஆனால் எங்கப்பா நிற்கலாம்” என்று எழுதியிருந்தாள் அவள். தமிழாசிரியர் அந்த வரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

உங்கள் ஊரிலும் செய்யலாம்

இதற்கு வீராணம்தான் வேண்டும் என்பதில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பெருமாள் ஏரி இருக்கிறது. திட்டக்குடிப் பக்கத்தவர்க்கு வெலிங்டன் ஏரி. எல்லா ஊரிலும் ஒரு குளமாவது உண்டு. முயல விரும்பும் ஆசிரிய நண்பர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில:

1. ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். நீங்கள் முன்பே ஒரு முறை தனியாகப் போய் நடந்து பாருங்கள்.

2. தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி, குடிநீர் ஆகியவை கட்டாயம். பத்துப் பேருக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும்.

3. ‘நாலரை அடிதானே’ என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. சேறு காலை இழுக்கும். மதகருகே நீரின் இழுப்பு வலுவாக இருக்கும். பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை ஏரிக்குப் போகும் முன்பே சொல்லுங்கள். சராசரி என்ற சொல்லின் ஆபத்தை விளக்கவும் இது நல்ல இடம்.

4. பறவைக் கூடுகளை நெருங்கிப் படம் எடுக்க வேண்டாம். கல்லெறிந்தோ கைதட்டியோ பறவையைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம். மாணவர் முகம் தெரியும் படங்களைச் சமூக ஊடகத்தில் பகிர வேண்டாம்.

5. படத்துக்கு முன் கேள்வி. படங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

6. ஏரியோடு வாழும் பெற்றோர் யார் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், மதகு திறப்பவர், கடைமடையில் நாற்று நடுபவர் என ஒவ்வொருவரிடமும் பாடநூலில் இல்லாத ஒரு பக்கம் இருக்கிறது. இயன்றால் ஒருவரை உடன் அழையுங்கள். நான் அழைத்திருந்தால் என் தவறு அங்கேயே திருந்தியிருக்கும்.

கடைசியாக ஒன்று. அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நான் கரும்பலகையில் ஏதாவது எண் எழுதும்போது, சில சமயம் கை உயர்கிறது. “டீச்சர், அது எங்கிருந்து கணக்கு?” என்று கேட்கிறாள். விடை தெரிந்தால் சொல்கிறேன். தெரியாதபோது நோட்டில் குறித்துக்கொள்கிறோம், இருவரும்.